எட்டுப் பரப்புக் குளத்துக்கு இரண்டு பரப்புப் பாசி: பரவைக்கடலோர இறால் கழிவுநீர் பற்றிய நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணப் பரவைக்கடலுக்குள் வற்றாத ஆறு எதுவும் வந்து விழுவதில்லை. ஆழம் குறைவு, வற்றுப்பெருக்கு சிறியது, குறுக்கே தாம்போதிகள். இதனால் ஒரு மூலையில் விட்ட அழுக்கு பல நாள்களுக்கு அந்த மூலையிலேயே நிற்கும். இதே நீரில்தான் சிறகுவலைக்காரர் இயற்கை இறாலைப் பிடிக்கிறார்கள். கரையில் இறால் குளம் வெட்டுபவரும் இதையே உள்ளே எடுத்து, இதிலேயே கழிவை விடப் பார்க்கிறார். புத்தளத்தில் டச்சுக் கால்வாயை ஒட்டிய பண்ணைகள் ஒன்றின் கழிவை மற்றொன்று உறிஞ்சின. 1996இல் இறாலைக் கொல்லும் வெண்புள்ளி வைரசு பண்ணை பண்ணையாகப் பரவ அந்தப் பொது நீர் பெரிதும் உதவியது. அது இங்கேயும் நடக்க வேண்டியதில்லை.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பரவைக்கடலோரத் தரவையில் எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர், வன்னமை இறால் குளம் ஒன்று. அதன் கழிவுநீரை நுண்பாசி கொண்டு சுத்திகரித்து அதே குளத்துக்குத் திருப்ப என்னென்ன வேண்டும், எங்கே கெடும் என்பதை முழுக் கணக்கோடு பார்க்கிறோம். எண்கள் வடிவமைப்புக்கான கணக்குகள். தன் குளத்தின் அளவை வைத்து ஒவ்வொருவரும் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். பாசி நைதரசனை அழிப்பதில்லை. கரைந்து கிடப்பதைத் தன் உடலுக்குள் எடுக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாசி நீரை விட்டு வெளியே வந்தால்தான் நைதரசனும் வெளியே வரும். பச்சைத் தண்ணீரை அப்படியே கடலில் விட்டுவிட்டுச் சுத்திகரித்தோம் என்பவர் எதையும் சுத்திகரிக்கவில்லை. அங்கே பாசி செத்து அழுகும்போது அதே அமோனியா திரும்ப வரும், ஒட்சிசனையும் இழுத்துக்கொள்ளும், அடியில் உள்ள சாதாளைக்கு (கடற்புல்லுக்கு) வெளிச்சமும் போகாது. பாசி வளர்ப்பது எளிது. கீழே பாசியைப் பிரிப்பது பற்றி அதிகம் சொல்வதற்கு இதுதான் காரணம்.

தீனியிலிருந்து தொடங்கும் கணக்கு

குளத்தின் நீர்ப்பரப்பு 2000 சதுர மீற்றர், ஆழம் 1.2 மீற்றர், கொள்ளளவு 2400 கன மீற்றர். சதுர மீற்றருக்கு 30 வீதம் 60,000 குஞ்சு விட்டு, நூற்றுக்கு 75 பிழைத்து, ஒவ்வொன்றும் 20 கிராம் வந்தால் அறுவடை 900 கிலோ. ஒரு கிலோ இறாலுக்கு ஒன்றரைக் கிலோ தீனி என்றால் மொத்தத் தீனி 1350 கிலோ. 36 வீதப் புரதமுள்ள தீனியில் 486 கிலோ புரதம் இருக்கும். அதை 6.25ஆல் வகுத்தால் 78 கிலோ நைதரசன். இறாலின் ஈர எடையில் நைதரசன் ஏறத்தாழ 3 வீதம், ஆகவே 27 கிலோ இறாலோடு வெளியேறுகிறது. மிச்சம் 51 கிலோ குளத்துக்குள் நிற்கிறது. காசு கொடுத்து வாங்கிய புரதத்தில் மூன்றில் இரண்டு பங்கு இறாலாகவில்லை என்பதை இந்த எண் சொல்கிறது. தட்டில் தீனி மிஞ்சுகிறதா என்று பார்த்துப் போடுவதை விட மலிவான சுத்திகரிப்பு வேறில்லை.

இந்த 51 கிலோவும் பாசிக்கு வராது. ஒரு பகுதி சேற்றில் படியும், ஒரு பகுதி வாயுவாகப் போகும். பாதி கரைந்த நிலையில் வரும் என்று கொள்கிறோம். சராசரியை வைத்து வடிவமைத்தால் கடைசி மாதத்தில் அகப்பட்டுவிடுவோம், ஏனெனில் அப்போதுதான் தீனி உச்சத்தில் நிற்கும். நாளொன்றுக்கு 22 கிலோ தீனி என்றால் 1.27 கிலோ நைதரசன். இறால் எடுத்தது போக 820 கிராம் மிஞ்சும், அதில் பாதி 410 கிராம். எனவே நாளுக்கு 400 கிராம் கரைந்த நைதரசனை எடுக்கும் தொட்டி வேண்டும்.

திறந்த ஆழமற்ற தொட்டியில் நல்ல வெயிலில் சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 12 கிராம் உலர் பாசி என்பது நிதானமான எதிர்பார்ப்பு. உலர் பாசியில் 7 வீதம் நைதரசன் என்றால் சதுர மீற்றருக்கு 0.84 கிராம். நானூறை அதனால் வகுத்தால் 476 சதுர மீற்றர், ஏறத்தாழ இரண்டு பரப்பு. குளத்தின் கால் பங்கு நிலம் பாசிக்குப் போகிறது. இதைக் கேட்டதும் பலர் பின்வாங்குவார்கள். ஆனால் நிலத்தைக் குறைத்தால் குஞ்சையும் குறைக்க வேண்டும், வேறு வழி இல்லை.

பொசுபரசு விடயம் வேறு மாதிரி. பாசிக்கு 7 பங்கு நைதரசனுக்கு 1 பங்கு பொசுபரசு போதும். குளத்து நீரில் லீற்றருக்கு நைதரசன் 4 மில்லிகிராமும் பொசுபரசு 1 மில்லிகிராமும் இருந்தால், நைதரசன் தீரும்போது பொசுபரசு 0.43 அளவில் மிஞ்சி நிற்கும். பாசி வேலை செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை. நைதரசன் தீர்ந்த பிறகும் தண்ணீரை நிறுத்தி வைப்பதுதான் ஆபத்து. காற்றிலிருந்து நைதரசனைப் பிடிக்கும் நீலப்பச்சை வகைகளுக்கு அது வழி திறந்துவிடும்.

சேறு முதலில்

இறால் குளத்துத் தண்ணீரில் மண், மலம், தீனித்தூள், கழற்றிய ஓடு எல்லாம் மிதக்கும். இவற்றைப் பாசி தின்னாது, இவை வெளிச்சத்தைத்தான் மறைக்கும். ஆகவே பாசித் தொட்டிக்கு முன்னால் படிவுத் தொட்டி கட்டாயம். அதன் மேற்பரப்பு 30 சதுர மீற்றர், ஆழம் 1.2 மீற்றர், அடி ஒரு பக்கம் சரிவு. உள்ளே வரும் குழாய்க்கு முன்னால் ஒரு மறிப்புப் பலகை வைத்தால் நீர் பாய்ந்து அடிச்சேற்றைக் கலக்காது. பாசித் தொட்டிக்கான நீரைக் குளத்தின் நடு அடியிலிருந்து எடுக்கக் கூடாது, நடுமட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். நடுக்குழியில் சேரும் கறுப்புச் சேற்றைத் தனிக் குழாயில் விரிப்புப் போட்ட சேற்றுக்குழிக்கு விட வேண்டும். இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்தால் பாசித் தொட்டி ஒரு வாரத்தில் பழுப்பாகிவிடும்.

எல்லாத் தொட்டிக்கும் 0.75 மில்லிமீற்றர் எச்.டி.பி.ஈ. பிளாத்திக்கு விரிப்பு வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. குடாநாட்டின் அடியில் சுண்ணக்கல், அதன் வெடிப்புகளில் மெல்லிய நன்னீர்ப் படை. கடல்நீர் கசிந்தால் பக்கத்து வளவுக் கிணறு உவர்க்கும், கழிவுநீரோடு நைத்திரேற்றும் போகும். தோட்ட உரத்தால் ஏற்கெனவே பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டி நிற்கிறது. அதன் மேல் நாமும் ஏற்றலாகாது. விரிப்பின் கீழே சுண்ணக்கல் முனை குத்தாதபடி 5 சென்றிமீற்றர் மணல் பரப்ப வேண்டும்.

நீரின் வயதும் பாசியின் வயதும்

இனி வருவதுதான் பெரும்பாலான திட்டங்கள் தோற்கும் இடம். நகரக் கழிவுநீரோடு ஒப்பிட்டால் இறால் குளத்துத் தண்ணீர் ஐதானது. லீற்றருக்கு 5 மில்லிகிராம் கரைந்த நைதரசன் இருந்தால் 400 கிராமை எடுக்க நாளுக்கு 80 கன மீற்றர் நீரைப் பாசித் தொட்டிக்குள் விட வேண்டும். 500 சதுர மீற்றரில் 30 சென்றிமீற்றர் ஆழம் வைத்தால் கொள்ளளவு 150 கன மீற்றர். அப்படியானால் நீர் இரண்டு நாள்கூட நிற்காது. அந்த வேகத்தில் லீற்றருக்கு 75 மில்லிகிராம் பாசிதான் உருவாகும். அவ்வளவு மெல்லிய பச்சையில் வெயில் அடிவரை பாய்ந்து வீணாகும், கணக்குப் போட்ட 12 கிராம் கிடைக்காது.

நகரக் கழிவுக்கான வழிகாட்டியைப் பார்த்து ஐந்தாறு நாள் நிறுத்துபவர்களுக்கு வேறு சிக்கல். இரண்டாம் நாளே நைதரசன் தீர்ந்துவிடும், மற்ற நாள்களில் பாசி பட்டினி கிடக்கும், குளத்தில் அமோனியா ஏறிக்கொண்டே போகும்.

தீர்வு, நீரை இரண்டு நாளில் வெளியே விட்டுப் பாசியை நான்கு நாள் உள்ளே வைத்திருப்பது. வெளியேறும் நீரில் பாசியைப் படியவிட்டு, அதில் பாதிக்குச் சற்று மேல் தொட்டிக்கே திருப்ப வேண்டும். அப்போது தொட்டியில் லீற்றருக்கு 160 மில்லிகிராம் அளவில் பாசி நிற்கும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. படிவதை மட்டும் திருப்பி விடுவதால், படியக்கூடிய இனங்களே நாளடைவில் தொட்டியைப் பிடித்துக்கொள்கின்றன. படியாத சிறு இனங்கள் நீரோடு போய்விடும்.

விதைப் பாசிக்கு தெத்திராசெல்மிசு நல்லது. பத்து மைக்குரோன் அளவுள்ளது, உவர்ப்பு ஏறி இறங்கினாலும் தாங்கும். நன்னோகுளோரொப்சிசு சத்துள்ளதுதான், ஆனால் இரண்டு முதல் நான்கு மைக்குரோன் என்பதால் தானாகப் படியாது. சுத்திகரிப்புக்கு அதைத் தேடிப் போக வேண்டாம். விதையைக் குடுவையிலிருந்து 20 லீற்றர் போத்தல், 500 லீற்றர் தாங்கி என்று ஏற்றும்போது ஒவ்வொரு படியிலும் பத்து மடங்குக்கு மேல் ஐதாக்கக் கூடாது. தொட்டியையும் முதலில் 10 சென்றிமீற்றர் ஆழத்தில் தொடங்கி, பச்சை ஏற ஏறத்தான் நீரைக் கூட்ட வேண்டும்.

ஒரு தொட்டிக்குப் பதில் ஒரு பரப்பு வீதம் இரண்டு தொட்டி கட்டுவதே நல்லது. ஒன்று கெட்டால் மற்றது விதை. ஒவ்வொன்றும் 31 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், நடுவில் தடுப்புச் சுவர், நான்கு மீற்றர் அகலத் துடுப்புச் சக்கரம், கியர் பூட்டிய அரைக் குதிரைவலு மோட்டர், நிமிடத்துக்கு ஏழெட்டுச் சுற்று. நீர் விநாடிக்கு 20 சென்றிமீற்றர் நகர வேண்டும். மிதக்கும் சுள்ளி ஒன்று 10 மீற்றரை 50 விநாடியில் கடந்தால் சரி. வளைவுகளில் வளைந்த தகடு இரண்டு நட்டால் உள்மூலையில் சேறு தேங்காது. விளிம்பு நீர்மட்டத்துக்கு மேல் 20 சென்றிமீற்றர் உயர்ந்து நிற்க வேண்டும். மாரியில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் உவர்ப்பு 35இலிருந்து 26க்கு விழும், விளிம்பு குறைவான தொட்டி வழிந்து பாசியைக் கடலுக்குக் கொடுத்துவிடும்.

ஒரு நாளின் ஓட்டம்

காலை ஆறு மணிக்குப் படிவுத் தொட்டி வழியாக 40 கன மீற்றர் நீரைப் பாசித் தொட்டிகளுக்கு விட்டுச் சக்கரத்தைப் போட வேண்டும். நண்பகலில் மீதி 40. ஏன் இரண்டாகப் பிரிக்கிறோம் என்றால், வெயில் ஏறும்போது பாசி காபனீரொட்சைட்டை உறிஞ்சி பி.எச். மளமளவென்று உயரும். நண்பகலில் வரும் குளத்து நீர் காபனையும் அமோனியாவையும் புதிதாகக் கொண்டுவந்து அதைத் தணிக்கும்.

பிற்பகல் மூன்று மணி பி.எச். அளவுதான் தொட்டியின் நாடி. 8.6க்குக் கீழே நின்றால் பாசி வேலை செய்யவில்லை. 9.5ஐத் தாண்டினால் காபன் பஞ்சம், அடுத்த நாள் நண்பகல் நீரைக் கூட்ட வேண்டும். அந்த உயரத்தில் அமோனியா வாயுவாகக் காற்றுக்குப் போய், சோதனையில் எண் குறைந்து நம்மை ஏமாற்றும். கல்சியம் நிறைந்த நீராதலால் சக்கரத் துடுப்பில் வெள்ளைப் பொருக்கும் கட்டும்.

இரவு பத்து மணிக்குச் சக்கரத்தை நிறுத்தி, விடிய ஆறு மணிக்குள் 80 கன மீற்றரை, பாசியைப் படியவிடும் தனித் தொட்டியான பாசிப் படிவுத் தொட்டி வழியாகக் கடத்த வேண்டும். மணிக்கு 10 கன மீற்றர், மேற்பரப்பு 50 சதுர மீற்றர், நீர் ஏறும் வேகம் மணிக்கு 20 சென்றிமீற்றர். பகலில் இதைச் செய்யக் கூடாது. வெயிலில் பாசி மேல் ஒட்சிசன் குமிழ் ஒட்டியிருக்கும், படியாமல் மேலே நுரைக்கும். இரவில் அந்தக் குமிழ் இல்லை.

இரவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பி.எச். 8இல் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஆறேழு பங்கே நச்சு வடிவில் இருக்கும், 9இல் நாற்பது பங்கு அளவுக்கு ஏறிவிடும். லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் மிஞ்சியிருந்தாலே பகல் நீர் இறாலைத் தாக்கப் போதும். விடியல் நீரில் பி.எச். இறங்கியிருக்கும், ஆனால் ஒட்சிசனும் குறைந்திருக்கும். குளத்திலும் ஒட்சிசன் மிகக் குறையும் நேரம் அதுதான். எனவே திரும்பும் நீரை இரண்டு மூன்று படியில் தெறிக்கவிட்டே குளத்தில் சேர்க்க வேண்டும்.

பாசிப் படிவுத் தொட்டியின் அடியில் காலையில் 850 லீற்றர் அளவில் பச்சைக் குழம்பு நிற்கும். அதில் 450 லீற்றர் பாசித் தொட்டிக்கு, 400 லீற்றர் வெளியே. அந்த 400 லீற்றரில் ஏறத்தாழ 6 கிலோ உலர் பாசி, 420 கிராம் நைதரசன், 60 கிராம் பொசுபரசு. அன்றைய சுத்திகரிப்பு முழுவதும் இதற்குள்தான். குழம்பை எடுக்காமல் விட்ட நாள் சுத்திகரிக்காத நாள்.

தானாகப் படியாவிட்டால் படிகாரம் போடலாம் என்று தோன்றும். கடல்நீரில் உப்பின் செறிவால் படிகாரமும் இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசனும் நன்னீரில் போல வேலை செய்வதில்லை, அளவு பல மடங்கு வேண்டும். சுண்ணாம்புப் பால் விட்டு பி.எச். 10.5க்கு ஏற்றினால் நீரிலுள்ள மகனீசியம் வீழ்படிவாகிப் பாசியை வாரிக்கொண்டு இறங்கும். அது நன்றாக வேலை செய்யும், ஆனால் அந்த நீரை அப்படியே இறாலுக்குத் திருப்ப முடியாது. அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டிய வழி.

வெளியே விடத்தான் வேண்டும் என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமத்தில் எழுதிய எல்லையைப் பார்க்க வேண்டும். 2008 ஒழுங்குவிதிகளில் உள்நாட்டு மேற்பரப்பு நீருக்கான எல்லை தொங்கும் திண்மம் லீற்றருக்கு 50 மில்லிகிராம், பி.எச். 6.0 முதல் 8.5. படியவிடாத பாசி நீரில் 160 மில்லிகிராம் திண்மம் இருக்கிறது. பிற்பகல் நீர் பி.எச்.சிலும் தோற்கும். நூற்றுக்கு 85 படிந்த விடியல் நீரில் 24 மில்லிகிராம்தான் மிஞ்சும்.

கெடும் இடங்கள்

பாசியைத் தின்னும் நுண்விலங்கான ரொட்டிபர் வந்தால் இரண்டு மூன்று நாளில் தொட்டி வெளுத்துவிடும். தினமும் காலையில் கண்ணாடிக் குவளையில் நீரெடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பத்து மடங்குக் கைவில்லையால் பார்த்தால், துள்ளி நகரும் வெள்ளைத் துகள்கள் தெரியும். குவளைக்கு இரண்டு மூன்று தெரிந்ததுமே அந்தத் தொட்டியின் குழம்பை மற்றத் தொட்டிக்குத் திருப்புவதை நிறுத்த வேண்டும். காப்பாற்றப் பார்ப்பதைவிட, கெட்ட தொட்டியை வற்றவிட்டு இரண்டு நாள் காயவைத்து, நல்ல தொட்டியிலிருந்து விதை எடுப்பது விரைவு. வாளி, தூரிகை, வலை எல்லாம் இரண்டு தொட்டிக்கும் தனித்தனி.

மேலே கருநீலப் படலம் கட்டி மண்வாடை அடித்தால் நைதரசன் தீர்ந்து பொசுபரசு மிஞ்சியிருக்கிறது. இங்கே பலரும் நீரை இன்னும் சில நாள் நிறுத்துவார்கள், அது நோயைக் கூட்டும். உள்வரும் நீரைக் கூட்டி, குழம்பை முழுவதும் வெளியே எடுக்க வேண்டும்.

இறால் குளத்துக்குப் போட்ட பிளீச்சிங், செப்புச் சல்பேற்று, அயடீன் மருந்து எதுவானாலும் பாசியைக் கொல்லும். மருந்திட்ட நாள்களில் பாசித் தொட்டிக்கு நீர் விடக் கூடாது. குளோரின் எச்சத்தைச் சோதனைத் துளியால் பார்த்து, இல்லை என்றான பிறகே திறக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் இங்கே பெரிய சிக்கல் உவர்ப்பு. நாளுக்கு 6 மில்லிமீற்றர் ஆவியானால் குளமும் தொட்டியும் சேர்ந்து 15 கன மீற்றர் இழக்கும். மழை இல்லாத ஒரு மாதத்தில் 35ஆக இருந்த உவர்ப்பு 42ஐத் தாண்டும். கடல்நீர் ஊற்றி ஈடுசெய்தாலும் 41. கிணற்று நீரை ஊற்ற யாருக்கும் உரிமை இல்லை என்றே சொல்வோம். இறைக்க இறைக்கக் கீழே உள்ள உவர்நீர் மேலே ஏறும். ஆகவே சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மூடிய சுழற்சியில் இறால் வளர்க்க முயல வேண்டாம். மாரி முடிந்து பரவைக்கடல் ஐதாகியிருக்கும் தை மாதத்தில் குஞ்சு விட்டு, வைகாசிக்குள் அறுவடை முடிப்பதே இந்த முறைக்கு ஏற்ற பருவம். ஐப்பசி, கார்த்திகையில் முகில் மூடினால் பாசியின் வேகம் பாதியாகும், மழைத் தண்ணீரும் சேரும். அந்தப் பருவத்தைத் தொட்டி துப்புரவுக்கு விடலாம்.

வழித்தெடுத்த பாசி

குழம்பை மணல் படுக்கையில் 4 சென்றிமீற்றர் தடிப்பில் ஊற்றினால் வெயிலில் மூன்று நான்கு நாளில் காயும். வடிநீர் படிவுத் தொட்டிக்கே திரும்ப வேண்டும். இதைத் தோட்டத்துக்கு உரமாகக் கேட்பார்கள். கொடுப்பதற்கு முன் உப்பைக் கணக்கிட வேண்டும். 6 கிலோ பாசி 34 லீற்றர் உவர்நீரைப் பிடித்து வைத்திருந்தால் ஒரு கிலோவுக்கு மேல் உப்பு கூடவே வருகிறது. செம்மண்ணில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இதைப் போடக் கூடாது. கழுவி உப்பெடுக்க நன்னீர் விட்டால் பாசி வெடித்து உள்ளே இருந்த நைதரசன் கழுவிய நீரோடு போய்விடும். கரையோரத் தென்னைக்கு அடியில் குறைந்த அளவில் புதைக்கலாம். காயவிடாமல் உயிரோடு ஆட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிருக்கோ சிப்பிக்கோ கொடுப்பது அதைவிடப் பயனுள்ளது.

அறுவடையும் நோயும்

குளத்தை வற்றவிடும்போது கடைசி ஐந்தில் ஒரு பங்கு நீரில்தான் சேறும் அழுக்கும் மிகுதி. இந்தக் குளத்தில் அது 480 கன மீற்றர். அதை விரிப்புப் போட்ட சேமிப்புக் குழியில் பிடித்து நாளுக்கு 80 கன மீற்றர் விட்டால் ஆறு நாளில் பாசித் தொட்டியைக் கடக்கும். மேல் நீர் 1920 கன மீற்றருக்கு இன்னும் 24 நாள் வேண்டும். அதனால் வலை போட்டு இறாலைப் பிடித்துவிட்டு நீரைக் குளத்திலேயே வைத்து, பாசித் தொட்டி வழியாகச் சுழற்றுவது நல்லது. தெளிந்த நீர் அடுத்த பயிருக்குச் சேமிப்பாகிறது.

வெண்புள்ளி நோய் கண்டால் இந்த ஓட்டம் முழுவதையும் உடனே பூட்ட வேண்டும். பாசி வைரசைக் கொல்லாது. குளத்து நீரைப் பாசித் தொட்டிக்கும் விடக் கூடாது, கடலுக்கும் விடக் கூடாது. லீற்றருக்கு 30 மில்லிகிராம் செயற்படு குளோரின் வரும்படி பிளீச்சிங் இட்டு, செத்த இறாலையும் நண்டையும் பொறுக்கிச் சுண்ணாம்போடு புதைத்து, மதகை அடைத்து வைக்க வேண்டும். திறந்த பாசித் தொட்டிக்கு நண்டு ஏறி வரும், அது வைரசைச் சுமக்கும். ஆகவே குளத்தைச் சுற்றிப் போடும் நண்டுவேலி பாசித் தொட்டிகளையும் சுற்றி வர வேண்டும். நோய் தெரியும் முன் குளத்திலிருந்து விட்ட நீர் வழியாகப் பாசித் தொட்டிகளும் தொற்றியிருக்கும் என்றே கொண்டு, இரண்டையும் குளோரினிட்டு, வெயிலில் குளோரின் போன பிறகு வற்றவிட்டுக் காயவைத்து, பண்ணைக்கு வெளியே வைத்திருந்த குடுவை விதையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.